முதன்முதலாகத் திறக்கும்போது

இசக்கிமுத்து வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சீடரானவர். குரு லில்லி புஷ்பத்துக்கு அவருடைய மகள் வயது. கணினியில் தமிழ் எழுதுவதற்கு அவள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தாள். அவர் அவளை ஆசானே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அந்தத் தெருவில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

செயலியைப் புதிதாகத் திறப்பவர்களுக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதை அவள் அவரிடம் விட்டிருந்தாள். வழி தெரிந்தவர்கள் பிறகு தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அவர் தனியாகச் செய்யும் முதல் வேலை. தேறினால் அன்று மாலையே ஊருக்கெல்லாம் போய்விடும். கறுப்புத் திரை வைத்தார், பொடி எழுத்து வைத்தார். மூடும்போதெல்லாம் ‘சேமிக்கவா?’ என்று நச்சரிக்கும் கேள்வியை எடுத்தே விட்டார். சேமிக்க இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். அவர் விரல்களுக்கு அது தூக்கத்திலும் வரும்.

“எப்படி இருக்கு ஆசானே?”

லில்லி எதிர்வீட்டு ரெஜினாவைக் கூப்பிட்டு மேசைக் கணினியின் முன் உட்காரவைத்தாள். தங்கை கல்யாணத்துக்கு ரெஜினா ஒரு வாழ்த்துப் பாட்டு எழுத வேண்டியிருந்தது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, மாப்பிள்ளையின் மீசையை வரிக்கு வரி கேலி செய்து, தானே சிரித்துக்கொண்டு எழுதினாள். முடித்து, மூடிவிட்டுத் தங்கையை அழைத்து வர ஓடினாள். இருவரும் வந்து திறந்தபோது திரையில் ஒன்றுமே இல்லை.

“நாந்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

அந்த மன்னிப்பு இசக்கிமுத்துவைச் சுருக்கென்று தைத்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரை வெளுத்தது. எழுத்து பெரிதானது. எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்ளும்படி மாற்றினார். லில்லி ஜன்னலோரம் கடலை கொறித்தபடி இருந்தாள்.

ரெஜினா மறுபடி எழுதினாள். மீசை இம்முறை இன்னும் நீண்டுவிட்டது. பாதியில் மின்சாரம் போயிற்று. அணைந்த திரையையே இசக்கிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பி, செயலியைத் திறந்தால், மீசை முழுசாக அங்கே இருந்தது. அக்காவும் தங்கையும் அந்த இடத்திலேயே பாடத் தொடங்க, அவரும் தாளம் தப்பிக் கைதட்டினார்.

செயலியை ஊருக்கு அனுப்ப அவர் லில்லியின் மடிக்கணினியைத் திறந்தார். அதே செயலி. கறுப்புத் திரை. பொடி எழுத்து. மூடினார், எந்தக் கேள்வியும் கேட்காமல் மூடிக்கொண்டது.

“ஆசானே, நான் தூக்கிப் போட்டதையெல்லாம் நீங்க வச்சிருக்கீங்களே. இது நல்லதுன்னா எனக்கு ஏன் சொல்லலை? கெட்டதுன்னா நீங்க ஏன் வச்சிருக்கீங்க?”

லில்லி கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தாள்.

“எனக்கு மாத்தத் தெரியும், அண்ணாச்சி.”