சடையப்பரின் கூலிங் கிளாஸ்

திண்டுக்கல் பக்கம், ஒரு கல் குவாரிக்கு எதிரே மரகதம்மாளின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு சமையற்கூடம், வாசலில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். அம்மாளுக்கு நாற்பது வயது. சீடர் சடையப்பருக்கு அறுபதுக்கு மேல். அவர் "அம்மா" என்பார், அம்மாள் "ஐயா" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை.

மதியம் குவாரி ஆட்களுக்குக் கொட்டகையில் கூழ் உண்டு. அதற்கு அங்கே ஒரு வழக்கம். ஊற்றுகிறவர், குடிக்கிறவர் முகத்தைப் பார்த்து "போதுமா?" என்று கேட்க வேண்டும். வாய் போதும் என்று சொல்லி முகம் போதாது என்றால் இன்னொரு கரண்டி.

சடையப்பருக்குக் கருவிழி வெளுத்துப் பார்வை போய் வெகுகாலம். ஆனாலும் ஊற்றியவர் அவர்தான். முகம் தெரியாததால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஒருவரையும் அரைவயிறாக அனுப்பியதில்லை.

அப்புறம்தான் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. யாரோ இறந்துபோனவர் கொடுத்த கருவிழி, சடையப்பரின் வலது கண்ணுக்கு வந்து சேர்ந்தது. கட்டைப் பிரித்த அன்று நர்சின் முகத்தைப் பார்த்து மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழக்கூடாது என்று டாக்டர் அதட்டினார்.

புண் ஆறி முடிந்ததும் டாக்டர், "இனி வழக்கமான வேலை பார்க்கலாம். வெயிலில் போனால் மட்டும் கூலிங் கிளாஸ் போடுங்கள்" என்றார்.

வந்தது வினை. சடையப்பர் ஒரு காலத்தில் டயர் கடை வைத்திருந்தவர். நாலு கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சைக்கிள் டியூப்கூட வாங்கமாட்டார். மருமகனுக்குச் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை. "எல்லாம் உங்களுக்குத்தான் மாமா, வச்சுக்குங்க" என்று பழைய கூலிங் கிளாஸ் ஸ்டாக்கை ஒரு பெட்டி நிறைய அனுப்பிவிட்டான்.

அன்றிலிருந்து மனிதர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலையும் சாத்திக்கொண்டார். ஒன்றை எடுப்பார், ஊதுவார், துடைப்பார், வைப்பார். கூழ் ஊற்ற வேறு ஆள் போனார்.

ஒருநாள் காலையில் மரகதம்மாள் உள்ளே வந்தார்.

"ஐயா, எதுன்னு முடிவாச்சா?"

"எங்கம்மா! இது நிஜக் கண்ணாடி. கீறல் விழாது, ஆனா கனம், கீழே விழுந்தா சில்லு சில்லாப் போயிரும். இது பிளாஸ்டிக். பஞ்சு மாதிரி இருக்கு, சட்டுனு கீறல் விழுது. இது பாலிகார்பனேட், கெட்டி பிளாஸ்டிக். சுத்தியலால அடிச்சாலும் லேசுல உடையாதாம், அதுலயும் கீறல் விழும். இது போலரைஸ்டு, கண் கூசாது. பேர் போன கம்பெனிதான், ஆனா மூக்குல நிக்கமாட்டேங்குது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வெயில்ல இருக்கிற கெட்ட கதிரைத் தடுத்தாப் போதும்னார்."

"இதுல எது தடுக்கும்?"

சடையப்பர் தலையைச் சொறிந்தார். "எல்லாமே தடுக்கும்மா. மருமகன் மெஷின்ல வச்சுப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கான்."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கும்மா." அவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். "ஒருத்தர் செத்தும் எனக்குக் கொடுத்துட்டுப் போன கண்ணு. இன்னொரு தடவை இருட்டாச்சுன்னா நான் தாங்கமாட்டேன். இதைப் பத்திரமா வச்சுக்கிறதுதானே நான் செய்யற நன்றி?"

மரகதம்மாள் பெட்டிக்குள் கைவிட்டு, பார்க்காமலே ஒன்றை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டார். கனமான அந்த நிஜக் கண்ணாடி. கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

"கல் உடைக்கிற ஒச்சம்மா தினமும் கேக்குறா, போதுமான்னு கேட்கிற ஐயா எங்கேன்னு. மதியம் நீங்க போங்க."

நடுவெயிலில் சடையப்பர் கொட்டகைக்குப் போனார். முதலில் வந்தவளுக்கு ஊற்றினார்.

"போதுமா?"

"அட, நம்ம ஐயா! சினிமாக்காரர் மாதிரில்ல இருக்கீங்க!"

குரலைக் கேட்டதும் ஒச்சம்மா என்று தெரிந்தது. இத்தனை காலம் அந்தக் குரலுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறார், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கண் ரெண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. இமையில் கல்தூள். வலது கண்ணை முழுக்கத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"கண்ணுல என்ன ஆச்சு தாயி?"

"கல்லு உடைச்சாச் சில்லு தெறிக்கத்தான செய்யும். இங்க எல்லாருக்கும் இப்படித்தான்."

சடையப்பர் வரிசையைப் பார்த்தார். எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

கரண்டியைப் பானையிலேயே போட்டுவிட்டு அறைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பெட்டியோடு திரும்பி வந்தார்.

"கல் உடைக்கிறவங்க இந்தப் பக்கம் வாங்க. பாலிகார்பனேட் உங்களுக்கு, சில்லு தெறிச்சாலும் அது லேசுல உடையாது. லாரி ஓட்டுறவங்க யாரு? போலரைஸ்டு பிடிங்க. தம்பி, அந்தப் பிளாஸ்டிக்கை எடுக்காதே, அது கணக்கு எழுதுற பெரியவருக்கு, லேசா இருக்கும்."

டயர் கடையில்கூட இவ்வளவு வேகமாக வியாபாரம் நடந்ததில்லை. ஒச்சம்மா மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்ப, "கல்யாணப் பொண்ணு!" என்று ஆண்கள் கேலி செய்ய, கொட்டகையே சிரித்தது. பிறகு ஒச்சம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர் கையைப் பிடித்துத் தன் சிவந்த கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சடையப்பர் பானையிலிருந்து கரண்டியை எடுத்தார். மறுபடியும் கூழ் ஊற்றினார். கடைசி ஆள் வரைக்கும் முகத்தைப் பார்த்து "போதுமா?" என்று கேட்டார்.

எல்லாரும் போன பிறகு, பானை கழுவிக்கொண்டிருந்த மரகதம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணாடி எப்படி ஐயா இருக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

"அதை எங்கம்மா பார்த்தேன்? முகத்தைத்தான் பார்த்தேன்." கூலிங் கிளாஸைக் கழற்றி மடியில் வைத்தார். "மனசு நிறைஞ்சு கிடக்கும்மா. கண்ணு கொடுத்த புண்ணியவான் யாருன்னுதான் தெரியலை. ஆஸ்பத்திரியில கேட்டுப் பார்த்தேன், சொல்லமாட்டேங்குறாங்க. ஆளே தெரியாம யார்கிட்டப் போய் நன்றி சொல்வேன்?"

மரகதம்மாள் கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கும்தான் உங்களைத் தெரியாது ஐயா. விசாரிச்சுட்டா கொடுத்தார்?"