மாரிக்கனி கொடுத்துப்போன பால்

மலையடிவாரத்து மடத்தில் ஓர் அம்மை இருந்தார். தன்னைவிட மூத்தவர்கள் சிஷ்யர்களாக வந்தாலும் "அக்கா", "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு பிரதோஷத்தன்று கோமளவல்லி கலங்கிய முகத்தோடு வந்தாள். அவள் தம்பி சிவசைலம், கண்ணை மூடுமுன் தன் தென்னந்தோப்பைக் குடும்ப அறக்கட்டளையாக எழுதி வைத்திருந்தான். வருமானமெல்லாம் அவன் ஒரே மகள் பூரணியின் படிப்புக்கும் பிழைப்புக்கும். அதை நடத்தும் பொறுப்பு அக்காள் கோமளவல்லிக்கு.

"அம்மா, ஊர்க்கோயில்ல கும்பாபிஷேகம் வைக்காங்க. தோப்பு வருமானத்தைக் கொடுத்தா தம்பி பேரைக் கல்லுல வெட்டுவாங்களாம். அவனுக்குப் புண்ணியம்தானே?"

"பூரணி என்ன பண்ணுதா?"

"நர்சு படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. அடுத்த வருஷம் சேரட்டுமேன்னு பாக்கேன். கோயிலுக்குக் கொடுக்கலைன்னா ஊர் சும்மா விடுமா? 'புதையல் காத்த பூதம்'னு இப்பவே கேலி பேசுதாங்கம்மா."

அம்மை எழுந்தார். அடுக்களைக்குப் போய் ஒரு செம்பில் பால் கொண்டுவந்தார்.

"களையெடுக்கப் போற மாரிக்கனி, தன் பிள்ளைக்குன்னு கொடுத்துட்டுப் போனா. பின்கட்டுத் தொட்டில்ல கிடக்கான். முழிச்சிட்டான் போல. புகட்டிட்டு வாங்க, அக்கா."

சந்நிதியைத் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போகவேண்டும். அங்கே லிங்கத்துக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கோமளவல்லிக்கு மனசு உருகிவிட்டது. பாதிப் பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்து, தம்பியை நினைத்துக் கும்பிட்டாள். மீதியைக் கொண்டுபோய்க் குழந்தைக்குப் புகட்டினாள்.

செம்பு காலியானதும் குழந்தை வீறிட்டது. அம்மை வந்து தூக்கிக்கொண்டார்.

"பால் அவ்வளவுதானா?"

"பிரதோஷமாச்சே... பாதியைச் சாமிக்கு ஊத்தினேம்மா."

"சாமி அழுதாரா?"

கோமளவல்லி காலிச் செம்பைக் கீழே வைத்தாள்.

அம்மை தனக்கு வைத்திருந்த பாலை ஆற்றிக் குழந்தைக்குக் கொடுத்தார். அழுகை நின்றது.

"சாயந்திரம் மாரிக்கனி வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நல்ல காரியத்துக்குத்தான்னு..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கோயிலுக்கு நான் ஒண்ணுமே கொடுக்கக்கூடாதாம்மா?"

"தாராளமாக் கொடுங்க. காதுல கிடக்கிற கம்மல் உங்களுதுதானே?"

கோமளவல்லியின் கை தானாகக் காதுக்குப் போனது. அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

"பூரணியை நாளைக்கே கொண்டுபோய்ச் சேத்துருதேம்மா. ஊர் பேசட்டும். ஆனா, தம்பி ஆத்மாவுக்குன்னு ஒண்ணும் செய்யலையேன்னு மனசு கிடந்து அடிக்குது."

"கடைசியா ஆஸ்பத்திரியில தம்பி என்ன சொன்னார்?"

"'அக்கா, பூரணியைப் பாத்துக்கோ'ன்னான்."

"பக்கத்துல சாமி படம் ஏதும் இருந்துச்சா?"

"தலைமாட்டுலயே வச்சிருந்தேனே. விபூதிகூட அவன் கையால எடுத்துப் பூசிக்கிட்டான்."

"அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லலையே, அக்கா. உங்களைப் பார்த்துல்லா சொல்லியிருக்கார்."

கோமளவல்லி இரண்டு கையையும் கூப்பினாள். வெகுநேரம் இறக்கவே இல்லை.