காலி வண்டிக்கு வைத்த டைமிங்

"தாயி, மறுபடியும் டைமிங் விட்டுருச்சு."

சுருளியாண்டி ஜீப்பை ஷெட் வாசலில் நிறுத்தியதும் இப்படித்தான் ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் இதே பாட்டுதான்.

செல்லத்தாயி வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் தெரிந்தது.

"எந்த இடத்துல?"

"அதே இடந்தான். கரடிச்சோலை ஏத்தத்துல மூணாவது வளைவு. திணறித் திணறி நின்னுருச்சு."

"ஆளுங்க?"

"இறங்கி நடந்துட்டாங்க."

நான் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன். மலையடிவாரத்தில் எங்கள் ரெண்டு கடைதான் உண்டு. எனக்கு வாய் ஓயாது. செல்லத்தாயிக்கு வாய் இருப்பதே அவள் டீ குடிக்கும்போதுதான் தெரியும். ஆனால் இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும் வண்டியைப் பற்றி அவளிடம் கத்துக்கொண்டவன்தான். சுருளியாண்டி அவளைவிட ரொம்ப மூத்தவர். இருந்தும் கைகட்டி நின்றுதான் கேட்பார்.

அவர் சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிய வண்டி அது. எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த பழைய பெட்ரோல் ஜீப். கரடிச்சோலைக்கு பஸ் கிடையாது. அங்கே ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களைக் காலையில் ஏற்றிப்போய் சாயங்காலம் இறக்கிவிடுவார். மற்ற நேரம் வீட்டுக்குள் ஒரே ஆள். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஒரு பாத்திரம் உருளுகிற சத்தம்கூட வராது.

செல்லத்தாயி வெளியே வந்தாள்.

"டைமிங்கை நீங்களே வைங்க."

அவர் பானெட்டைத் தூக்கினார். தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தினார். இன்ஜினை ஓடவிட்டு அதைத் துளித்துளியாகத் திருப்பினார். ஒரு பக்கம் திருப்பினால் தீப்பொறி முந்தும், இன்னொரு பக்கம் திருப்பினால் பிந்தும். அவ்வளவுதான் டைமிங். கண்ணை மூடிக் கேட்டு, சத்தம் எங்கே இனிமையாக வந்ததோ அங்கே நிறுத்தி போல்ட்டை முடுக்கினார்.

"எப்படி இருக்கு தாயி?"

"காதுக்கு நல்லா இருக்கு."

அவள் ஒரு சாக்பீஸை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து இன்ஜின் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள்.

"இனி கை வைக்காதீங்க. வண்டி நின்னாலும் கை வைக்காம வாங்க."

மறுநாள் மத்தியானம் வந்தார். முகம் செத்துப்போய் இருந்தது.

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

பானெட்டைத் திறந்தாள். அவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். சாக்பீஸ் கோடு போட்டது போட்டபடி இருந்தது.

"டைமிங் எங்கண்ணே விட்டுச்சு?"

அவர் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

பானெட்டை மூடிவிட்டுச் சொன்னார். "இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து வேற ஜீப்புக்குச் சொல்லிட்டாங்களாம். வண்டியில வர்ற பொம்மியக்காதான் இறங்கி நடக்குறப்ப சொல்லிட்டுப் போச்சு. வாடகை போனாப் போகட்டும் தாயி. அவங்க வண்டியில பேசிக்கிட்டு வருவாங்க பாருங்க, ஒரு நாளைக்கு என் காதுல விழுற பேச்சே அதுதான். அதுவும் இல்லைன்னா நான் என்ன செய்ய."

செல்லத்தாயி துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டைமிங் வச்சதும் என்ன செய்வீங்க?"

"ட்ரையல் போவேன்."

"யாரோட?"

"யாரோட போக? காலியாத்தான். அடுத்தவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணனும்."

இதைக் கேட்டதும் நான் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் ட்ரையல் என்றால் திருவிழா மாதிரி. டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் தொத்திக்கொள்வார்கள். ஓசிச் சவாரி, யாருக்குக் கசக்கும்? பாதி மலை ஏறி இறங்கி வந்து ஆளுக்கொரு குறை சொல்வார்கள். இந்த மனுஷன் மட்டும் தனியாகவே போய்த் தனியாகவே வந்திருக்கிறார்.

"காலியா போறப்ப எதைக் கேப்பீங்க?"

"இன்ஜின் சத்தத்தை."

"ஆளோட போறப்ப?"

"அவங்க பேசுறதை."

செல்லத்தாயி துணியை ஆணியில் மாட்டினாள்.

"ஆளை ஏத்திக்கிட்டு ட்ரையல் போயிட்டு வாங்க."

"மணல் மூட்டை நாலு போட்டுக்கட்டுமா?"

"மூட்டை வாயைத் தொறந்து சொல்லுமா?"

"அப்ப யாரை ஏத்த?"

"அதையும் நானா சொல்லணும்."

அவள் போய் மறுபடியும் அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

சுருளியாண்டி ரோட்டோரத்தில் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். யாரைக் கூப்பிடுவது என்று நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. கூப்பிட்டுக் கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, நான் ஆள் கணக்குல வர மாட்டேனா?"

"உனக்கு வேலை கெடக்கும்லப்பா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் மேலே போய்க் கரடிச்சோலை செக்போஸ்டுக்குக் கீழே, முதல் வளைவில் நிறுத்தினோம். வேலை முடிந்து நடந்தே அதுவரை இறங்கி வந்தவர்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். சொல்லிவைத்த வேறு ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். சுருளியாண்டி வண்டியை ஓரங்கட்டினார். வாயைத் திறக்கிறார், மூடுகிறார். நான் வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது லேசான காரியமா?

"பொம்மியக்கா," என்றார் கடைசியில். "வண்டியில என்னமோ சத்தம் வருது போல. எனக்குக் கேக்க மாட்டேங்குது. எல்லாரும் ஒருவாட்டி ஏறி வந்து, கேட்டுச் சொல்றீங்களா?"

பொம்மியக்கா கூடையைக் கீழே வைத்தது.

"கிணுகிணுன்னு, டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி. அதுதானப்பா?"

சுருளியாண்டி அப்படியே பொம்மியக்காவைப் பார்த்தார்.

"எப்ப வரும்க்கா?"

"எல்லா நாளும் வரும். ரெண்டாவது வளைவு தாண்டுனதும் ஆரம்பிச்சுரும். அப்புறந்தான் நிக்கும்."

"ஒருநாள்கூடச் சொல்லலையேக்கா."

"நீ கேக்கலையேப்பா. எங்க பேச்சையே வாய் பாத்துக்கிட்டு வருவ. உனக்கும் தெரியும்னு நெனச்சோம்."

ஏறினார்கள். கீழே வீட்டுக்குப் போக வேண்டிய ஜனங்கள், மேலே போகிற வண்டியில் ஏறினார்கள். கூடையும் மூட்டையுமாக, வழக்கம்போல நெருக்கியடித்து.

"யாரும் பேச வேணாம்," என்றார் சுருளியாண்டி. எனக்குத்தான் தெரியும், அந்த மனுஷன் எதை நிறுத்தச் சொல்கிறார் என்று.

வண்டி ஏறியது. ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அவர் வீட்டுக்குள் இருக்கிற அதே அமைதி. ஆனால் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ரெண்டாவது வளைவு தாண்டியது. கிணுகிணு என்றது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

அவர் நிறுத்தினார். காலி வண்டிக்கு வைத்த தீப்பொறி, பாரம் ஏறியதும் முந்திக்கொண்டு போடுகிற சத்தம் அது. பானெட்டைத் திறந்து, போல்ட்டைத் தளர்த்தி, தீப்பொறி பிந்தட்டும் என்று சாக்பீஸ் கோட்டைவிட்டு இம்மியளவு பின்னால் தள்ளி முடுக்கினார். வண்டியைப் பின்னாலேயே இறக்கி மறுபடி ஏற்றினார். இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி ஏற்றினார்.

மூணாவது வளைவு வந்தது. தாண்டியது. ஒரு கையும் எழவில்லை.

தாண்டின பிறகும் யாரும் பேசவில்லை. அவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள்.

"சுருளி," என்றது பொம்மியக்கா. "இப்பப் பேசலாமா?"

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பின்னால் யாரோ மருமகள் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஷெட் பக்கம் வந்தார். ஆயில் மாற்ற வந்திருந்தார். செல்லத்தாயி பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள். பழைய கோடு ஒரு பக்கம், அவர் நிறுத்திய இடம் ஒரு பக்கம்.

"இப்படிப் பின்னால வச்சா, காலியா ஓட்டுறப்ப வண்டி கொஞ்சம் மந்தமா இருக்குமேண்ணே. எப்படி இருக்கு?"

சுருளியாண்டி யோசித்தார்.

"தெரியல தாயி. அதுக்கப்புறம் காலியா ஓட்டவே இல்ல."