விசிறிக் கயிறு

ஜமீன்தாரிணி கமலவேணி இறந்துபோனபின் அரண்மனையில் வீணைச் சத்தமே இல்லை. அவள் தந்தியை இழுத்துவிட்டால் சுரம் நடுங்கும்; கேட்பவர் நெஞ்சும் நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தன் தொண்டையில் கொண்டுவருவதாகச் சொல்லி வந்து சேர்ந்தார் நீலமேக பாகவதர். கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறிக்குப் பின்னால்தான் உட்காருவார். பாடும்போது வேகமாக இழுக்கும்படி, விசிறி இழுக்கும் கொளஞ்சிக்கு அவர் உத்தரவு. குரல் நடுங்கும், ஜமீன்தார் அழுவார்.

ஒருநாள் கொளஞ்சிக்குக் காய்ச்சல். கை ஓய்ந்து விசிறி நின்றது. பாட்டு உலக்கை மாதிரி நேராக வந்தது.

“இந்தப் பயல் என் பாட்டையே கெடுத்துட்டான். கட்டிவச்சு அடிக்கணும்!” என்று குதித்தார் பாகவதர்.

“என்னடா சொல்றே?” என்று கொளஞ்சியிடம் கேட்டார் ஜமீன்தார்.

“தப்பு என்னுதுதாங்க எசமான். இவரு குரலோட நடுக்கம் என் கையிலதான் இருந்துச்சு” என்று கயிற்றைத் தூக்கிக் காட்டினான் கொளஞ்சி. “இன்னொருதரம் பாடச் சொல்லுங்க.”

பாகவதர் பாடினார். கொளஞ்சி இழுத்தான், குரல் நடுங்கியது. விட்டான், நடுக்கம் நின்றது.

“துணி குறுக்க வந்தா சத்தம் சின்னதாகுது, விலகினா பெருசாகுது. சுரம் இருந்த எடத்துலயேதான் இருக்குங்க. அம்மா வீணையில சுரமே ஏறி எறங்கும்.”

பாகவதர் அன்றே மூட்டை கட்டினார்.

ஜமீன்தார் விசிறிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, “கமலா, கமலா” என்று கூப்பிட ஆரம்பித்தார். கொளஞ்சி விசிறியை இழுத்தான். குரல் நடுங்கியது. கொளஞ்சி கயிற்றை விட்டான். விசிறி நின்றது.

குரல் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.