பயனாளியை நேரில் கூட்டி வா

கேட்பாரற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்யும் சின்னக் குழு அது. அதில் வேன் ஓட்டும் சவரிமுத்து, நிதியுதவி கேட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

மனுவைப் பிரித்தே பார்க்காத மேலாளர் சொன்னார்: "உங்களால பலன் அடைஞ்சவர் ஒருத்தர் நேர்ல வந்து சொல்லணும். எல்லாக் குழுவுக்கும் இதான் சட்டம்."

"எங்க ஆளுங்க பேச மாட்டாங்க சார்."

"பயிற்சி கொடுத்து நாங்க பேச வைக்கிறோம்யா. கூட்டிட்டு வா."

மறுநாள் சவரிமுத்து வந்து நின்றார். "கூட்டிட்டு வந்துட்டேன் சார். கீழே வேன்ல படுத்திருக்கார். மாடி ஏற மாட்டார்."

மேலாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வேனுக்குள் தலையோடு கால் மூடிய வெள்ளைத்துணி, பக்கத்தில் புகையும் ஊதுபத்தி. மேசைக்குத் திரும்பி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

"அவர்... பேர் என்ன?"

"அது தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட ஏன் சார் வரப்போறார்?"