பேச்சியம்மாள் பயத்தைக் கொடுக்க வந்த கதை

"இந்தப் பயத்தை எங்கிட்ட இருந்து எடுத்துருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வந்ததும் வராததுமாகப் பேச்சியம்மாள் இதைத்தான் கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரொட்டியம்மா பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மலைமேல் அந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். காவி கிடையாது, உபதேசம் கிடையாது. கவலையோடு வருகிறவர்களை உட்கார வைத்து, வீட்டில் சுட்ட பன் ஒன்றைக் கையில் கொடுப்பாள். போகும்போது அவர்கள் முகம் தெளிந்திருக்கும். அதெப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். வயது என்னவோ முப்பதுதான். பேச்சியம்மாளைவிட எட்டு வயது இளையவள்.

"எதைப் பார்த்துப் பயம் அக்கா?"

"அடுப்பை."

"அடுப்பையா?"

"போன கார்த்திகையில என் வீட்டுக்காரர் போயிட்டாரு. குளிர் தாங்கலன்னு குமுட்டி அடுப்புல கரியைப் போட்டுக் கட்டில் பக்கத்துல வச்சுக்கிட்டு, கதவு சன்னலெல்லாம் சாத்திட்டுப் படுத்திருக்காரு. நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில வந்து எழுப்புறேன், எழுப்புறேன்..."

மூடின அறையில் கரி எரிந்தால் ஒரு விஷக்காற்று வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? குளிர் வந்தால் புத்தி போய்விடுகிறது.

"அதுல இருந்து தீக்குச்சியைத் தொட்டாலே கை உதறுது. ஒன்றரை மாசமா வீட்டுல உலை வைக்கல. பிள்ளைக்கு ஊற வச்ச அவலும் கடையில வாங்குற பழமும்தான். ஆறு வயசும்மா அவளுக்கு. இந்தப் பனியில சூடா ஒரு வாய்க் கஞ்சிக்கு அழுவுறா. இருமல் வேற."

"ம்."

"வீட்டுக்காரரோட அண்ணன் வந்து கத்துறாரு. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு கஞ்சி காய்ச்ச வக்கில்லாதவளுக்குப் பிள்ளை எதுக்கு'ங்கிறாரு. பொங்கல் கழிஞ்சதும் எம் பொண்ணு செண்பகத்தைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவாராம்."

பேச்சியம்மாள் அழுதாள்.

ரொட்டியம்மா மாவைத் திருப்பிப் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பயம் உண்டா?"

"அவருக்கா? துளிகூடக் கிடையாது. தோட்டத்துல யானை நின்னாக்கூட பீடியைப் பத்த வச்சுக்கிட்டுப் போயிட்டே இருப்பாரு. நான்தான் பயந்தாங்கொள்ளி. அன்னைக்குக் கிளம்பும்போதுகூட, சன்னலை ஒரு சாண் திறந்து வச்சுக்கோங்கன்னு சொன்னேன். 'ஒண்ணும் ஆகாது, போடி பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிச்சாரு."

"அவரை மாதிரி ஆகணும். அதானே அக்கா?"

"ஆமாம்மா. பயங்கிறதே இருக்கக் கூடாது."

"சரி, உக்காருங்க. குளிர்ல மாவு பொங்க மாட்டேங்குது. முதல்ல இது பொங்கட்டும்."

ரொட்டியம்மா வெளியே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது. நிறையக் கரி. எல்லாம் கனன்றுகொண்டிருந்தது.

பேச்சியம்மாள் எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

ரொட்டியம்மா அடுப்பை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். கதவுக்கடியில் ஒரு கோணிச் சாக்கைச் சுருட்டி அடைத்தாள்.

"அம்மா, சன்னலைத் திறங்க."

"மாவுக்குக் குளிரும்."

"கொஞ்சமாத் திறங்கம்மா."

"பயப்படாதீங்க அக்கா. ஒண்ணும் ஆகாது."

அதையேதான் அவரும் சொன்னார். பேச்சியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கரி ஒன்று படக்கென்று வெடித்தது.

ரொட்டியம்மா கொட்டாவி விட்டாள். தரையில் சாய்ந்தாள். போர்வையை இழுத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினாள்.

"அம்மா."

பதில் இல்லை.

"அம்மா! ரொட்டியம்மா!"

அவரும் இப்படித்தான் கிடந்தார். போர்வை தோள் வரைக்கும், முகம் அடுப்புப் பக்கம்.

பேச்சியம்மாள் பாய்ந்து கதவைத் திறந்தாள். ஓடினாள். முற்றத்தைத் தாண்டி, வேலி வரைக்கும் ஓடினாள். வெளியே ஒரே மூடுபனி. பக்கத்தில் வீடு இல்லை, கூப்பிட ஆள் இல்லை.

ஐயோ, அவள் உள்ளே கிடக்கிறாளே.

திரும்பி ஓடி வந்தாள். சன்னலை அறைந்து திறந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக் குமுட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். வாசலில் ஒரு கங்கு தெறித்துக் காலில் விழுந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை. அடுப்பை முற்றத்துப் புல்லில் வைத்துவிட்டு வந்து ரொட்டியம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ரொட்டியம்மா கண்ணைத் திறந்தாள்.

"அடியே! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" பேச்சியம்மாளுக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "செத்துத் தொலைஞ்சிருந்தா? ரெண்டாவது பிணத்தையும் நான்தான் எழுப்பணுமா?"

ரொட்டியம்மா மேலே கையைக் காட்டினாள்.

கூரையில், இரண்டு மூலைகளில் ஓடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த வழியாக வானம் தெரிந்தது.

"மாவுக்குக் கணப்பு வைக்கிற நாளெல்லாம் முதல்ல ஏறி அந்த ஓடுகளைத்தான் எடுப்பேன். நானும் பயந்தாங்கொள்ளிதான் அக்கா."



பேச்சியம்மாள் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்புறம்தான் கால் எரிந்தது. அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். முந்தானையில் கரி அப்பியிருந்தது.

"குமுட்டியைத் தூக்கினது யாரு அக்கா?"

"நான்தான்."

"சன்னலைத் திறந்தது?"

"அதுவும் நான்தான்."

"உங்க வீட்டுக்காரர் இங்க இருந்திருந்தா, என்ன செஞ்சிருப்பாரு?"

பேச்சியம்மாள் திறந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி உள்ளே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் குமுட்டியை இன்னைக்கு ஒரு நாள் தருவீங்களாம்மா? கரி அணையுறதுக்குள்ள பிள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்."

"எடுத்துட்டுப் போங்க. பயத்தை வச்சுட்டுப் போறீங்களா?"

முற்றத்தில் இறங்கி, அடுப்பைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கை இன்னும் உதறிக்கொண்டுதான் இருந்தது.

"வேண்டாம்மா. அது எங்கிட்டயே இருக்கட்டும்."