மதகுச் சாவியும் மதிலடித் தெருவும்

முன்னொரு காலத்தில் நெடுங்கோட்டைப் பட்டணத்தைச் சிம்மவிடங்கன் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு உத்தரவு போடுவார், மாலையில் அதற்கு நேர் எதிராக இன்னொன்று. அவருடைய படைத்தலைவர் அடலேறு பேசமாட்டார், கர்ஜிப்பார். அவர் வணக்கம் சொன்னாலே கோபுரத்துப் புறாக்கள் பறந்துவிடும்.

ஒருநாள் கர்ஜித்தார். “மகாராஜா! மதிலடித் தெருவில் நேற்று மூன்று மண்டை உடைந்தது! முந்தாநாள் நான்கு! ரத்தத்திலேயே ஊறின முரட்டுத்தனம், பிரபு! தெருவை இடித்து எல்லோரையும் ஆற்றுக்கு அக்கரை துரத்த வேண்டும்!”

“துரத்து, துரத்து,” என்றார் ராஜா, வெற்றிலையைக் குதப்பியபடி.

அந்தத் தெருவில் கல்லுடைப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள் என்று முந்நூறு குடும்பம். செய்தி கேட்டதும் கல்லுடைக்கிற காத்தாயி நேரே சபைக்கு வந்தாள். நெற்றியில் பச்சிலைக் கட்டு.

“சாமி, மண்டை உடைஞ்சது நெசம். இதை உடைச்சவ பக்கத்து வீட்டு வெள்ளச்சி. அவளோடத உடைச்சவ நான்.”

சபை சிரித்தது.

“மூணு நாள் குடுங்க. இந்தச் சபையில ஒரே ஒரு பொருள் இரவல் வாங்கித் தாங்க. அப்பவும் ஒரு மண்டை உடைஞ்சா, நாங்களே நடையைக் கட்டுறோம்.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். “தந்தேன், தந்தேன்! என் கிரீடமே ஆனாலும் சரி!”

“அதை வச்சு நான் என்ன பண்ண? படைத்தலைவர் இடுப்புல ஏரி மதகுச் சாவி தொங்குதே, அது போதும்.”

கர்ஜனை கம்மிப்போனது. “பிரபு... அது... வந்து... பாதுகாப்பு...”

“கொடு, கொடு.”

விஷயம் இதுதான். ஏரியில் தண்ணீருக்குக் குறைவில்லை. மதகிலிருந்து இரண்டு வாய்க்கால். படைத்தலைவர் மாளிகைக்குப் போவது நாள் முழுக்க ஓடும். மதிலடித் தெருவுக்குத் தினம் ஒரு நாழிகை. அதுவும் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போனால் தண்ணீர் போச்சு, காத்து நின்றால் கூலி போச்சு. முந்நூறு குடம் ஒரே நேரத்தில் முட்டினால் மண்டை என்ன ஆகும்?

காத்தாயி புதிதாக எதுவும் செய்யவில்லை. மாளிகையின் முறையைத் தெருவுக்கும் தெருவின் முறையை மாளிகைக்குமாக மாற்றித் திறந்தாள், அவ்வளவுதான்.

நான்காம் நாள் ராஜா தெருவுக்கு வந்தார். சத்தமே இல்லை. வெள்ளச்சி, காத்தாயிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடிப்பு, பிரபு! எல்லாம் நடிப்பு!” என்றது பின்னால் ஒரு குரல்.

ராஜா திரும்பினார். அடலேறுதான். தலையில் கட்டு, ஒரு கண் வீக்கம்.

“எந்த நாட்டோடு யுத்தம், அடலேறு?”

“மச்சான், பிரபு. செம்பால் அடித்துவிட்டான்.”

“ஏன், ஏன்?”

“அவன் குளிக்க வைத்திருந்த தண்ணீரை நான் எடுத்துவிட்டேனாம். அதற்கு முன்னால் சமையல்காரன் தோட்டக்காரனைக் கடித்துவிட்டான்...”

“அடடா! மாளிகை ரத்தத்திலும் ஊறிவிட்டதா?”

இடிக்கும் உத்தரவைக் கிழித்துப்போட்ட ராஜா, “சாவியை நீயே வைத்துக்கொள், காத்தாயி,” என்றார்.

“எனக்கும் வேணாம் சாமி. பூட்டைக் கழட்டிடுங்க. ரெண்டு பக்கமும் ஓடட்டும்.”

அப்படியே ஆயிற்று. ஒரு மாதத்துக்கு அடலேறு தன் வீட்டுத் தண்ணீரை மதிலடித் தெருவிலிருந்துதான் சுமக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

மறுநாள் காலை மனிதர் குடத்தை மார்போடு அணைத்து, முழங்கையை விரித்து, முட்டித் தள்ளத் தயாராக வந்து நின்றார். சுற்றிலும் ஒருவரும் இல்லை.

சம்மட்டியோடு வேலைக்குக் கிளம்பிய காத்தாயி பார்த்தாள்.

“யாரை அடிக்க நிக்கறீங்க ஐயா? தண்ணி பாட்டுக்கு ஓடுது. மொண்டுக்கிட்டுப் போங்க.”